கம்பி முட்டும் ஆழம்

ஜூலை 6, டூலிக் ஏரி, அலாஸ்கா

காலையில் ஃபேர்பேங்க்ஸை விட்டுக் கிளம்பி, ராத்திரி பத்து மணிக்கு நல்ல வெயிலில் வந்து இறங்கினோம். ஏறக்குறைய 600 கிலோமீட்டர். பெரும்பகுதி டால்டன் நெடுஞ்சாலை, அதிலும் பாதிக்கு மேல் வெறும் ஜல்லி. எதிரே லாரி வந்தால் ஓரங்கட்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முன்கண்ணாடி போச்சு. 1974-இல் எண்ணெய்க் குழாய் வேலைக்காக ஐந்தே மாதத்தில் போட்ட சாலை. மறு வருடமே அதே சாலையைப் பிடித்து விஞ்ஞானிகள் வந்து இந்த ஏரிக்கரையில் கூடாரம் போட்டார்கள். இன்று இது அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம்.

குழாய் வழியெல்லாம் கூடவே வந்தது. 1,300 கிலோமீட்டர் நீளத்தில் பாதிக்கு மேல் தரையைத் தொடாமல் கால்களின் மேல் போகிறது. சூடான எண்ணெய் தரைக்குள் ஓடினால், வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் உறைமண் இளகி, குழாயே அமிழ்ந்துவிடும். கால்களின் உச்சியில் அலுமினிய இறகுகள், உள்ளே அம்மோனியா. குளிர்காலத்தில் அது அடிமண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி ஏறும். இறகுகள் வழியாகச் சூட்டைக் காற்றில் விட்டுவிட்டு, திரவமாகித் திரும்ப இறங்கும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. வண்டியை நிறுத்தச் சொல்லி இருபது படம் எடுத்தேன்.

ஹூஸ்டனில் நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் எண்ணெய்க் கம்பெனிச் சம்பளம்தான். மண் இளகாமல் இருக்க இவ்வளவு பாடு. உள்ளே ஓடுவதை எரித்தாலோ மண் இளகும். இதை அவர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று அட்டிகன் கணவாய் ஏறும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். கணவாய்க்கு முன்பே மரங்கள் முடிந்துவிட்டன.

ஜூலை 7

விதிமுறைகள். குளியல் வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம். கழிவுநீர் ஏரிப் பக்கம் போகவே கூடாது, லாரியில் ஏற்றி வெளியே அனுப்புகிறார்கள். பலகைப் பாதை இருக்கும் இடத்தில் அதைவிட்டு இறங்கக் கூடாது. கரடியைப் பற்றித் தனி வகுப்பு. கொசுவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

ஜூலை 8

ஆய்வுக் குழுவுக்குக் கைகொடுக்கத்தான் வந்திருக்கிறேன். இன்றுதான் உண்மையான வேலை. நீளமான எஃகுக் கம்பி, மேலே குறுக்குக் கைப்பிடி, உடலெங்கும் சென்டிமீட்டர் கோடுகள். அதை மண்ணில் செருகி, மேற்கொண்டு இறங்காத இடம்வரை அழுத்த வேண்டும். இந்தக் கோடையில் இதுவரை இளகிய மேல்மண் அதுவரைதான். அதற்குக் கீழே இன்னும் உறைந்திருக்கும் நிலம்.

கேட்க எளிது. ஆனால் கம்பி முட்டியது பனியிலா, கல்லிலா? முனைவர் பட்ட மாணவி ஒருத்தி என் கையைப் பிடித்துக் காட்டினாள். கல் என்றால் கைப்பிடி வரை 'ணங்' என்று அதிரும், கம்பி கொஞ்சம் வழுக்கும். பனி என்றால் சத்தம் மந்தம், நகராது. எடுத்து மறுபடி அழுத்தினாலும் அதே இடத்தில் நிற்கும். கல்லென்றால் ஓரடி தள்ளிச் செருக வேண்டும். மதியத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல வந்துவிட்டது. நான் கூவ, அவள் நனையாத நோட்டில் பென்சிலால் எழுதினாள்: 28, 31, 26, 44. நாற்பத்துநான்கா? அது நீர் கசிந்தோடும் தடம். ஈரத்தோடு சூடும் இறங்கியிருக்கும் என்றாள். மாஸ் செடி மெத்தையாகக் கிடக்கும் இடங்களில் இருபதுகூடத் தேறவில்லை.

ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே பருத்திப்புல் முண்டுகள். அவற்றில் சில, நூறு வயதைத் தாண்டியவையாம். மேலே மிதித்தால் கவிழ்த்துவிடும், இடையில் மிதித்தால் பூட்ஸ் நிறைய டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர். தலையில் கொசுவலையோடு சாப்பிடுவது எப்படி என்பதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம்.

ஜூலை 10

ஆய்வுக் குழுவின் பேராசிரியர் உரப் பாத்திகளுக்குக் கூட்டிப்போனார். 1981 முதல் வருடா வருடம் நைட்ரஜனும் பாஸ்பரஸும் போட்டுவருகிறார்கள். மண் சூடானால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகிச் சத்தை விடுவிக்கும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை உரம் போட்டு முன்கூட்டியே பார்க்கும் ஏற்பாடு. பாத்திக்கு வெளியே கணுக்கால் உயரத்தில் எல்லாம் கலந்து கிடக்கிறது. உள்ளே குட்டை பிர்ச் புதராக மண்டி, பருத்திப்புல்லைக் காணவே காணோம்.

செடி பெருத்தால் கரிமம் சேரும், நல்லதுதானே? நானும் அதைத்தான் கேட்டேன். இருபது வருடம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது, மேலே செடியில் சேர்ந்ததைவிட அடிமண்ணிலிருந்து போன கரிமம் அதிகமாக இருந்ததாம். 2004-இல் வெளியான முடிவு. வடக்கின் உறைமண் பகுதிகளில் புதைந்திருக்கும் கரிமம், காற்றில் இருப்பதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால்தான் இந்தச் சின்னப் பாத்திக்கு இவ்வளவு மரியாதை.

பக்கத்தில் குபாருக் ஆற்றிலும் 1983 முதல் கோடைதோறும் பாஸ்பரஸ் சொட்டவிட்டிருக்கிறார்கள். முதலில் கற்களின் மேல் பாசிப்படலம், மீன்களும் கொழுத்தன. சுமார் எட்டு ஆண்டு கழித்துத்தான் ஆற்றடியை மாஸ் செடி பிடித்துக்கொண்டு, ஆற்றின் முகமே மாறியது. நான்காம் வருடத்தில் காசு நின்றிருந்தால்? "தப்பான ஆற்றைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை வந்திருக்கும்" என்றார் பேராசிரியர்.

நான் நாற்பத்தைந்து நிமிடத்தில் சோதனையும் முடிவும் முடித்து மணி அடிக்கிற ஆள். பதில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

ஜூலை 11

மழை. கூடாரத்துப் பக்கம் தரை அணில் ஒன்று பிஸ்கட்டுக்கு அலைந்தது. குளிர்காலத் தூக்கத்தில் இதன் உடல்வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் மூன்றுக்குப் பக்கத்தில் இறங்கும், ரத்தம் உறையாது. பிள்ளைகளுக்கு இது போதும், உறைமண்ணெல்லாம் அப்புறம்.

ஜூலை 13

வகுப்போடு வீடியோ. விடுமுறையிலும் பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். அணில் நினைத்தபடியே வேலை செய்தது. பிறகு ஒரு பையன், "இந்த வருஷம் எவ்வளவு உருகிச்சு மிஸ்?" என்றான். ஜூலைப் பாதியில் சொல்ல முடியாது, ஆகஸ்ட் கடைசியில்தான் முழு ஆழம் தெரியும். அப்போதும் ஒரே வருடத்தை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது, பழைய வருடங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. "அப்போ நீங்க அளந்தது வேஸ்ட்டா?"

மாணவி எட்டிப் பார்த்து, "அவங்க அளக்கலைன்னா என் அட்டவணையில ஒரு வரி காலியா இருக்கும்" என்றாள். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

அப்பா குழாய்க் கம்பெனியில் இருக்கும் பெண்ணுக்கு அம்மோனியா படங்களைக் காட்டினேன். இந்தக் கால்களை அப்பாவுக்குத் தெரியும் என்றாள். பள்ளி திறந்ததும் அவரையே வகுப்புக்கு வரச் சொல்லப்போகிறேன். மண் விஷயத்தை அவர் எதிரிலேயே பேசிவிடலாம்.

ஜூலை 15

மூட்டை கட்டியாயிற்று. கொசுவலையை அடுத்து வருபவருக்கு விட்டுவிட்டேன். பாக்கியிருந்த இரண்டு நிமிடக் குளியலையும் முடித்தாகிவிட்டது. வண்டி மூன்று மணிக்கு. மழையில் விட்டுப்போன கடைசி வரிசையில் அளக்க வேண்டிய ஆறு இடங்கள் மிச்சம் இருக்கின்றனவாம். மாணவி கம்பியோடு வாசலில் நிற்கிறாள். போய் முடித்துவிட்டு வருகிறேன்.