ஓசூர் டு புதுச்சேரி: ரெண்டு பேர், ரெண்டு நாள், 5,000 ரூபாய்... ஒரு கடல்!

“கடலை நான் டி.வி-லதான் பார்த்திருக்கேன்.”

கல்யாணமான மூன்றாவது மாதம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை இது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. 28 வயது. பிறந்தது தேன்கனிக்கோட்டை பக்கம். வேலை ஓசூரில். இதுவரை அவர் பார்த்ததிலேயே பெரிய தண்ணீர், பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப்போன கிருஷ்ணகிரி கே.ஆர்.பி அணை. அவ்வளவுதான்.

ஓசூரில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை புதிதாக இருக்காது. அவருக்கு ஒரு வாரம் ‘ஏ’ ஷிஃப்ட், ஒரு வாரம் ‘பி’, ஒரு வாரம் நைட். நான் டிஜிட்டல் டெஸ்க். எனக்கும் ஷிஃப்ட் உண்டு. அவர் வரும்போது நான் லேப்டாப்பில் இருப்பேன், நான் மூடும்போது அவர் தூங்கியிருப்பார். ‘குக்கர்ல சாதம் இருக்கு’, ‘கேஸ் புக் பண்ணிட்டேன்’ என்று வாட்ஸ்அப்பிலேயே வாழ்க்கை ஓடியது. பதினொரு மாதங்களில் நாங்கள் சேர்ந்து காலை டிபன் சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

“ஒரு தடவை கடலுக்குப் போலாம்ங்க” என்றேன். “எவ்ளோ ஆகும்?” என்றார். “5,000-க்குள்ள முடிச்சிடலாம்” என்று வாய்விட்டுவிட்டேன். முடிந்ததா? கணக்கைக் கடைசியில் தருகிறேன்.

ஏன் புதுச்சேரி?

ஓசூரிலிருந்து சென்னையும் போகலாம், மங்களூரும் போகலாம். ஆனால், கையைக் கடிக்காத செலவில், நடந்தே சுற்றும் அளவுக்குச் சின்னதாக, இறங்கியதும் கடல் பார்க்கிற ஊர் என்றால் எனக்குத் தெரிந்து புதுச்சேரிதான். தூரம் சுமார் 270 கி.மீ. பெங்களூரிலிருந்து வரும் அரசுப் பேருந்துகள் ஓசூரில் ஆள் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகின்றன. வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரிலேயே நிரம்பிவிடும் என்பதால் முன்பதிவு அவசியம்.

அவருக்கு அந்த வாரம் ‘ஏ’ ஷிஃப்ட். மதியமே வந்துவிட்டார். சனிக்கிழமைக்கு மட்டும் லீவு. கான்ட்ராக்ட் வேலை என்பதால் சம்பளம் பிடிப்பார்கள். பிப்ரவரி மாதம். ஸ்வெட்டரும் மஃப்ளருமாக இரவு 10 மணிக்கு பஸ் ஏறினோம். இரவுப் பயணத்தில் ஒரு லாபம், ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பஸ் இறங்க இறங்கக் குளிர் விட்டது. செங்கம் வரும்போது அவர் மஃப்ளரைக் கழற்றினார், திண்டிவனத்தில் ஸ்வெட்டரை!

பாறைகளுக்கு அந்தப் பக்கம்...

அதிகாலை 5 மணிக்குள் புதுச்சேரி. பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, ஆட்டோவில் கடற்கரைச் சாலை. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை இந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடப்பவர்களுக்கு மட்டுமே சொந்தமான நேரம் அது. பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, முதல் உலகப் போரில் இறந்த வீரர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னம் எல்லாம் வரிசையாக வரும். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்கிறார்கள்.

அவர் எதையும் கவனிக்கவில்லை. இருட்டில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. “இது எப்பவுமே இப்படித்தான் சத்தம் போடுமா?” என்று கேட்டார். ஆறரை மணி சுமாருக்குத் தண்ணீரிலிருந்து சூரியன் மேலே வந்தது. அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் எடுத்து ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை.

“மணல் எங்கே?” என்பதுதான் அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி. நியாயமான கேள்வி. இங்கே ஒரு காலத்தில் அகலமான மணல் கடற்கரை இருந்தது. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது, அந்த ஓட்டம் தடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே இருந்த நகரத்தின் கரை கரைந்துபோனது. கரையைக் காப்பாற்றக் கொட்டியவைதான் இந்தக் கறுப்புப் பாறைகள். பிற்பாடு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது.

பாறைகளில் பாசி இருக்கும், வழுக்கும். செல்ஃபிக்காக இறங்கவே வேண்டாம்.

“உங்க ஆதார்ல அப்பா பேர்ல இருக்கே?”

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் புக் செய்திருந்தேன். பணம் அங்கே போய்த் தருவதாக ஏற்பாடு. ரிசப்ஷனில் இருந்தவர் இரண்டு ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். என் ஆதாரில் அப்பா பெயர், ஓசூர் முகவரி. அவருடையதில் தேன்கனிக்கோட்டை முகவரி. “கல்யாணம் ஆனதுக்கு ப்ரூஃப் இருக்கா?” என்றார். கழுத்தில் தாலி இருக்கிறது. அதைப் பார்த்தும், என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... கூசிப்போனது.

அவசரமாக போனில் கல்யாண போட்டோவைத் தேடினேன். இவர் என் கையைப் பிடித்து போனை இறக்கினார். “வேணாம்மா. போட்டோ காட்டி ரூம் வாங்க வேணாம். வா, போலாம்.” வீட்டில் சத்தமாகப் பேசாத மனிதர். அங்கேயும் சத்தமாகப் பேசவில்லை. ஆனால், அந்த ஒரு நிமிடத்தில் ஒன்று புரிந்தது... எங்கள் வாட்ஸ்அப் குடித்தனத்தில், எனக்காக அவர் பேசி நான் கேட்க ஒரு சந்தர்ப்பமே இதுவரை வாய்க்கவில்லை.

ஆசிரம விருந்தினர் இல்லங்களில் விசாரித்தோம். வார இறுதி என்பதால் இடமில்லை. நான்கு தெரு தள்ளி இன்னொரு லாட்ஜ். இரண்டு பேரின் அடையாள அட்டையையும் நகலெடுத்துக்கொண்டு, வேறு கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்தார்கள். ஆனால், வாடகை 1,400.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கவனிக்க: லாட்ஜ்காரர்கள் அடையாள அட்டை கேட்பது விதி. எதற்கும் புக் செய்ததும் போன் செய்து, ‘முகவரி வேற வேறயா இருக்கும், பரவாயில்லையா’ என்று கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். அந்தச் சான்றிதழின் நகல் போனில் இருந்தால், இப்படி அலைய வேண்டியிருக்காது.

ஸ்கூட்டரில் ஒரு ரவுண்டு

வாடகை ஸ்கூட்டர் நாளுக்கு 400 ரூபாய். கடைக்காரர் தள்ளிக்கொண்டு வந்தது டி.வி.எஸ் வண்டி. “நம்ம ஊர் வண்டி!” என்று இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பைக்குகளுக்குச் சின்னச் சின்ன பார்ட்ஸ் செய்து கொடுக்கிற யூனிட்டில் வேலை பார்ப்பவர். குனிந்து பிரேக் பக்கம் எதையோ தடவிப் பார்த்துவிட்டு, “எங்க லைன்ல போனதாகூட இருக்கலாம்” என்றார். தினமும் எட்டு மணி நேரம் நின்று செய்கிற வேலை, கடலோரத்தில் யாரோ ஒரு ஜோடியைச் சுமந்து ஓடுகிறது என்று நினைக்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

வண்டி எடுக்கும்போது லைசென்ஸ் அவசியம், ஹெல்மெட் இரண்டும் கேட்டு வாங்குங்கள், ஏற்கெனவே இருக்கும் கீறல்களை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதியார் இல்லம். ஆங்கிலேயர் கைது செய்துவிடுவார்கள் என்ற நிலையில் 1908-ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தவர், 1918 வரை பத்து ஆண்டுகள் இங்கேதான் இருந்தார். கிளம்பி பிரிட்டிஷ் எல்லைக்குள் கால்வைத்ததும் கடலூரில் கைது. எல்லை தாண்டினால் சட்டமே மாறுவது, ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி என்று வாழும் எங்களுக்குச் சட்டென்று புரிந்தது.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபம். தன் வீட்டை இடித்து ஊருக்காகக் குளம் வெட்டியவர் என்று சொல்லப்படும் ஆயி என்ற பெண்ணின் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது. ராஜாக்களுக்கும் கவர்னர்களுக்கும் நடுவே ஒரு தாசி குலப் பெண்ணின் பெயரில் ஊரின் நட்டநடுவே ஒரு மண்டபம்!

மாலையில், காசு கொடுத்துப் படகு ஏறுவதற்குப் பதிலாக வீராம்பட்டினம் போனோம். துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கும் மீனவ கிராமம். நகரம் இழந்த மணலை இங்கே தாராளமாகப் பார்க்கலாம். இவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். அலை வந்து வெள்ளையாக நுரைத்ததும், சட்டென்று இரண்டடி பின்னால் தாவினார்!

எனக்குக் காரணம் தெரியும். கெலவரப்பள்ளி அணையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் தென்பெண்ணையில் கழிவுகள் கலந்து வந்து, மலை மலையாக வெள்ளை நுரை பொங்கி, நாற்றமடிக்கும். எங்கள் ஊரில் நுரை என்றால் விலகி நிற்க வேண்டும்.

“இந்த நுரை ஒண்ணும் பண்ணாதுங்க, வாங்க” என்றேன். மெதுவாக வந்து நின்றார். அடுத்த அலை முழங்கால் வரை ஏறியது. சின்னப் பையன் மாதிரி சிரித்தார். பிறகு, “நம்ம ஆறும் கடைசியில இங்கதான வருது?” என்று கேட்டார். ஆமாம். ஓசூரைத் தொட்டு, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து வருகிற தென்பெண்ணை, கொஞ்சம் தெற்கே கடலூர் அருகே இதே கடலில்தான் சேர்கிறது. “பாவம், இவ்ளோ நல்ல தண்ணிக்கு நாம என்ன அனுப்பி வைக்கிறோம் பாரு” என்றார். என்னிடம் பதில் இல்லை.

செஞ்சியில் ஒரு கிருஷ்ணகிரி

ஞாயிறு காலை மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம். மாமியாருக்கு ஒரு செருப்பு, எனக்கு ஒரு பை. நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் டிபன். ‘லைஃப் ஆஃப் பை’ நாவலில் வருகிற இடம் இது.

திரும்பும் பயணத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம், செஞ்சி. 2025 ஜூலையில், மராட்டிய ராணுவக் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்த கோட்டை. பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். அங்கிருக்கும் மலைகளில் ஒன்றின் பெயர் ராஜகிரி, இன்னொன்றின் பெயர்... கிருஷ்ணகிரி! “நம்ம மாவட்டத்துக்கு இங்கயும் ஒரு பிராஞ்சா?” என்று இவர் கேட்க, முன் சீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கணக்கு வழக்கு (இருவருக்கும் சேர்த்து)

பஸ், போக வர - 1,120
ரூம், ஓர் இரவு - 1,400
ஸ்கூட்டர், பெட்ரோல் - 500
சாப்பாடு, டீ, தண்ணீர் - 1,250
ஆட்டோ - 120
நுழைவுக் கட்டணங்கள் - 20
சண்டே மார்க்கெட் - 350
மொத்தம் - 4,760 ரூபாய்

ஜெயித்துவிட்டேன் என்று காலரைத் தூக்கினேன். “சனிக்கிழமை சம்பளம் 650-ஐ விட்டுட்டியே” என்றார். அதையும் சேர்த்தால் 5,410. தோற்றுவிட்டேன்! தினக்கூலிக் குடும்பங்களுக்கு லீவுதான் டூரில் பெரிய செலவு. பட்ஜெட் போடும்போது அதை முதல் வரியில் எழுதுங்கள்.

கிளம்பும் முன்...

* பௌர்ணமி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையிலேயே பஸ் மாட்டிக்கொள்ளும்.

* ஆசிரம விருந்தினர் இல்லங்களில் தங்க விரும்பினால், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மது, புகைக்கு அனுமதி இல்லை. இரவில் குறிப்பிட்ட நேரத்தில் கேட்டை மூடிவிடுவார்கள்.

* புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு என்று பாட்டில் வாங்கிவர வேண்டாம். தமிழக எல்லையில் சோதனை உண்டு.

* கோடையில் போவதாக இருந்தால் வெளியே சுற்றுவதைக் காலையிலும் மாலையிலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர் குளிருக்குப் பழகிய உடம்பு தாங்காது.

* மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில் மட்டும்தான். வெளியூர் பஸ்ஸில் எங்களுக்கும் டிக்கெட் உண்டு!

ஊத்தங்கரை தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். “அம்மாவும் கடல் பார்த்ததில்ல, தெரியுமா உனக்கு?”

தெரியாது. மூன்று பேர் என்றால் எவ்வளவு ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பஸ் 1,680, பெரிய ரூமாக ஒன்று, ஸ்கூட்டர் வேண்டாம், ஆட்டோ. 7,000 இருந்தால் போதும். கூடவே, அவருடைய ஒரு நாள் சம்பளம்.

இந்த முறை அதை முதலில் எழுதியிருக்கிறேன். சமையலறை அலமாரியில், மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு டின் இருக்கிறது. இப்போதைக்கு அதில் 850 ரூபாய்.