அம்மா பாட்டும் ‘டக்’ சத்தமும்



இந்தச் சுவரில் இதுவரை விடுகதையும் கவிதையும்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம். நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டரும் கொஞ்சம் இயற்பியலும் வரும். பயந்து ஓடிவிடாதீர்கள், மணி அடிப்பதற்குள் படித்துவிடலாம்.

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகு, கையில் இலை, வாயில் பாட்டு. எல்லாம் ஆச்சியிடம் கேட்டுப் படித்தவை. நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு, கொழுந்தனைக் கேலி செய்கிற பாட்டு. ஆச்சி இப்போது இல்லை. அம்மா பாடுவதுதான் மிச்சம். நான் அதைப் பெரிதாக நினைத்ததே கிடையாது. “படிக்கும்போது பாடாதம்மா” என்று சண்டை போட்டதுதான் அதிகம்.

கோடை விடுமுறையில் அம்மா கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். குரல்நாண்களை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போலப் போகிறதாம். “பயப்படாதீங்க. பெரும்பாலும் குரல் பழையபடி வந்துரும். சிலருக்குக் கொஞ்ச நாள் கரகரப்பு இருக்கும். சிலருக்கு உச்சத்துல பாட வராமப் போகலாம்” என்றார். அம்மா, “சோலி முடிஞ்சாச் சரி” என்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் பஸ்ஸில் வரும்போது அந்தக் கடைசி வாக்கியம் காதைவிட்டுப் போகவில்லை. ஆபரேஷனுக்கு இன்னும் 12 நாள்.

மாமா பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய லேப்டாப் வீட்டில் இருந்தது. 4 ஜி.பி. ராம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். பெரியப்பா மகன் ஒரு யு.எஸ்.பி. மைக்கை இரவலாகக் கொடுத்தான். ஆடாசிட்டி என்ற மென்பொருள் 2000-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. வேறென்ன வேண்டும் என்று ஞாயிறு மத்தியானம் அம்மாவை உட்காரவைத்து ஐந்து பாட்டுப் பாடச் சொன்னேன்.

போட்டுக் கேட்டால் மூன்று கோளாறு. நடுநடுவே ‘டக், டக்’ என்று வெட்டு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி முழக்கம். அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். அம்மா கேட்டுவிட்டு, “எய்யா, ஒன் கம்ப்யூட்டரு என் பாட்டுக்குத் தாளம் போடுதே” என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் பார்த்தால் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்கிறாள். இருக்கிற குரலையும் வீணாக்கிவிட்டோமே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டரைச் சும்மா இருக்க வைத்தல்

மறுநாள் கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டேன். அவர் தெருக்குழாயை உதாரணம் சொன்னார். ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக மாற்றித்தான் பதிவு செய்கிறார்கள். இந்த எண்கள் குழாய்த் தண்ணீர் மாதிரி நிற்காமல் வரும். ‘பஃபர்’ என்பது அடியில் வைத்த குடம். குடம் நிறைவதற்குள் கம்ப்யூட்டர் வந்து எடுத்துப்போக வேண்டும். அது வேறு வேலையில் இருந்தால் தண்ணீர் வழிந்துவிடும். வழிந்த இடம்தான் ‘டக்’.

அப்படியென்றால் என் கம்ப்யூட்டர் வேறு என்னதான் வேலை பார்க்கிறது? டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஹார்டு டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டியது! ஒரு பக்கம் வைரஸ் தேடல், ஒரு பக்கம் அப்டேட், திறந்து மறந்துபோன பிரவுசர் பக்கங்கள். நாலு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க வந்தவள் கதைதான்.

பைசா செலவில்லாமல் இவ்வளவும் செய்தேன்:

1. வைஃபையை அணைத்தேன். அப்டேட் தானாக நின்றது.
2. கம்ப்யூட்டர் திறக்கும்போதே தானாக ஓடுகிறவற்றை ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலில் நிறுத்தினேன்.
3. வைரஸ் தேடலை ராத்திரியே முடித்துவிட்டேன்.
4. பழைய சினிமாக்களை அழித்து டிஸ்க்கில் இடம் பண்ணினேன். (அண்ணன் இன்னும் பேசவில்லை!)
5. மின்சாரம் மிச்சம் பிடிக்கிற அமைப்பை மாற்றி, முழு வேகத்தில் ஓட வைத்தேன்.
6. ஆடாசிட்டியில் பஃபர் 100 மில்லிவிநாடி இருந்தது. 200 ஆக்கினேன். குடம் பெரிதானது.

குடம் பெரிதானால் ஹெட்போனில் நம் குரல் நமக்கே தாமதமாகக் கேட்கும். இசையைக் கேட்டுக்கொண்டே பாடுகிறவர்களுக்கு அது தொந்தரவு. அம்மா வெறும் வாயால்தான் பாடுகிறாள், ஹெட்போனே இல்லை. எங்களுக்குக் கவலையில்லை.

‘ம்ம்ம்’ இரைச்சலில் பாதி ஃபேன். மீதி சார்ஜர் வழியாக வந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் முனகல் மைக்கில் ஏறியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விட்டது. ஆனால் பழைய பேட்டரி, 40 நிமிஷம்தான் தாங்கும்.

அறைக்கு மெத்தை போடுதல்

கிணற்றுச் சத்தத்துக்கு முட்டை அட்டை ஒட்டலாம் என்று கடையில் 30 அட்டை கேட்டு வாங்கிவந்தேன். இயற்பியல் சார் தலையில் அடித்துக்கொண்டார். “அது மெலிசுடா. கீச்சு ஒலியைக் கொஞ்சம் குறைக்கும். கனமான ஒலி அதைச் சட்டையே பண்ணாது. தீ வேற சீக்கிரம் பிடிக்கும்” என்றவர் ஒரு கதை சொன்னார்.

1895-ல் அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஒரு புது மண்டபத்தில் பாடமே புரியவில்லையாம். பேசிய சொல் ஐந்தரை விநாடி சுற்றிக்கொண்டே இருந்ததாம். வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரைச் சரி செய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. அதிலிருந்து ஒரு சூத்திரமே கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹாலின் ஒலியமைப்பைத் திட்டமிட்டார்கள்.

சூத்திரம் எளிதுதான். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் அளவால் வகுக்க வேண்டும். எங்கள் அறை 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரமும் 3. கன அளவு 27, சுவர், தரை, கூரை சேர்த்து 54 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு நூற்றில் இரண்டு பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால், வெறும் அறையில் முழக்கம் 4 விநாடி! கதவும் பீரோவும் துணியும் இருப்பதால் அவ்வளவு வராது, ஆனாலும் கிணறு கிணறுதான். பாதி ஒலியை உறிஞ்சுகிற மெத்தையும் போர்வையுமாக 6 சதுர மீட்டர் சேர்த்துக் கணக்குப் போட்டேன். 1 விநாடி சொச்சத்துக்கு இறங்கியது.

வீட்டிலிருந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, தடித்த போர்வைகள், ஜமுக்காளம் எல்லாவற்றையும் இறக்கினேன். மைக் பாடுகிறவரைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஆகவே பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர்தான் முக்கியம். அங்கே ஒரு மெத்தை, பக்கத்துச் சுவரில் ஒன்று. சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் கனமான ஒலியும் கொஞ்சம் அடங்கும். மைக்கை முழ தூரத்திலிருந்து சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். தூரம் பாதியானால் நேர்க்குரல் 6 டெசிபல் கூடும், சுவர் எதிரொலி கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். மூச்சுக்காற்று நேரே மோதாமல் இருக்க மைக்கை வாய்க்குச் சற்று ஓரமாக வைத்தேன்.

அறைக்குள் சுற்றுகிற சத்தத்தைத்தான் மெத்தை அடக்கும். தெருவில் போகிற பஸ் ஹாரனை அது தடுக்காது. அதற்கு ஒரே வழி, விடியக்காலை 4 மணி.

விடியக்காலை

ஃபேனை நிறுத்தி, மெத்தைகளுக்கு நடுவில் அம்மா வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்தாள். பாட்டு வரவில்லை! இரண்டு அடி பாடினால் மறந்துபோகிறது. “கை சும்மா இருந்தா வாய்க்கு வரமாட்டேங்குதுய்யா” என்றாள். சரி என்று சுளகை மடியில் கொடுத்தேன். ராத்திரியே நனைத்து வெட்டி வைத்த இலை, ஈரமாக இருந்ததால் சரசரப்பில்லை. கத்தரிச் சத்தமும் இல்லை. மைக்கின் பின்பக்கம் சத்தம் குறைவாகத்தான் கேட்கும், அந்தப் பக்கம் சுளகு வருகிற மாதிரி திருப்பி வைத்தேன். கை ஓடியது, பாட்டும் ஓடியது.

மூன்று விடியலில் ஒன்பது பாட்டு. ஒரு ‘டக்’ கூட இல்லை. இரண்டாவது தாலாட்டில் அடுத்த வீட்டுச் சேவல் மட்டும் கூவியிருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.

பத்தாவது நீள நடவுப் பாட்டு. பேட்டரி தீர்ந்துவிட்டது. “நாளைக்குப் பாடுதேன்” என்றாள். மறுநாள் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பார்க்க வந்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி.

இப்போது அம்மா நலம். கரகரப்புப் போய்ப் பேச்சு பழையபடி வந்துவிட்டது. தணிந்த பாட்டெல்லாம் பாடுகிறாள். உச்சம் மட்டும் ஏறவில்லை. போன வாரம் அந்த நடவுப் பாட்டைக் கேட்டேன். பாடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, கையை மேலே காட்டி, “இந்த எடத்துல ஆச்சி மேல போவா” என்றாள். அதையும் அப்படியே பதிந்து வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பாடுகிறவர்கள், கதை சொல்கிறவர்கள் இருப்பார்கள். நல்ல மைக் வாங்கினபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கம்ப்யூட்டரின் மற்ற வேலைகளை நிறுத்துங்கள், நாலு மெத்தையை நிறுத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் மதியம் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன். முட்டை அட்டை 30 வீட்டில் சும்மா கிடக்கிறது, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்!



— 11-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்