இருக்கன்குடிப் பாதயாத்திரையும் இடையில் கிடக்கும் பெருஞ்சாலையும்

விருதுநகர் மாவட்டம் சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் கோயில் கொண்டிருக்கிறாள் இருக்கன்குடி மாரியம்மன். சாணம் பொறுக்க வந்த ஒரு பெண், இறக்கி வைத்த கூடையை மீண்டும் தூக்க இயலாமல் திகைக்க, அவ்விடத்தில் புதையுண்டிருந்த அம்மனின் திருவுருவம் வெளிப்பட்டது என்பது தலவரலாறு. கண்பிணி நீங்க வேண்டிக்கொண்டோர் இங்கே கண்மலர் காணிக்கை செலுத்துவர். ஆடிக் கடைசி வெள்ளிக்குத் தென்மாவட்டங்களிலிருந்து அடியவர்கள் திரள்திரளாக நடந்தே வந்து சேர்கின்றனர்.

சிவகாசி, திருத்தங்கல் பக்கத்திலிருந்து வருவோர்க்கு வழியில் ஒரு சோதனை உண்டு. அவர்கள் ஊர் மேற்கே. அம்மன் சந்நிதி கிழக்கே. இரண்டுக்கும் நடுவே வடக்குத் தெற்காகக் கிடக்கிறது மதுரை–கன்னியாகுமரி நான்கு வழிச்சாலை. இன்று எண் 44 பெற்றுள்ள இச்சாலை, 2010-இல் எண்கள் மாற்றப்படும் வரை காசியில் தொடங்கிக் குமரியில் முடிந்த 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதியாக இருந்தது. காசியிலிருந்து வந்த லிங்கத்தால் பெயர் பெற்ற சிவகாசியின் மக்கள், காசிச் சாலையைக் கடந்து அம்மனைத் தரிசிப்பது பொருத்தமே. ஆயினும் அதைக் கடக்கும் சில விநாடிகள் உயிர் சம்பந்தப்பட்டவை.

வங்கியில் பணியாற்றிய பழக்கத்தால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். ஒரு பக்கச் சாலையின் அகலம் ஏறத்தாழ 7 மீட்டர். எழுபது வயதுக் கால்களுக்கு அதைக் கடக்க 8 அல்லது 9 விநாடி வேண்டும். அதற்குள் கார் 200 மீட்டர் வந்துவிடும்! தூரத்தில் பொட்டுப்போல் தெரியும் வண்டியும் நமக்குத் தூரமன்று. சாலையோரத்தில் 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நட்டிருப்பார்கள். அது நல்ல அளவுகோல். இரண்டாவது கல் வரை வண்டி இல்லையெனில் மட்டுமே இறங்குக.

வெறுங்காலுடன் நடப்போர்க்கு இன்னோர் இடரும் உண்டு. நண்பகலில் தார் சுடும்போது, பொறுக்கமாட்டாமல் பாதங்கள் தாமாகவே ஓட முற்படுகின்றன. கண் சாலையை விட்டுத் தரைக்குத் தாழ்கிறது. ஆகவே வெயில் ஏறுமுன் பெருஞ்சாலையைக் கடந்துவிடுவது நலம். விடியுமுன் இருளில் கடப்பதோ கூடவே கூடாது. இருட்டில் நடக்க நேர்ந்தால் தோள்பையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்க.

பாலத்தின் அடியில் வழி இருக்குமானால், அரைக் கிலோமீட்டர் சுற்றினாலும் அதுவே உகந்தது. இல்லையேல் இரு தவணையாகக் கடக்கலாம். முதலில் வலப்புறம் பார்த்து நடுத்திட்டு வரை. அங்கே அரளிச் செடிகளுக்கு அருகில் நின்று, பின் இடப்புறம் பார்த்து மறுகரைக்கு. எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும் உண்டாதலால் இருபுறமும் ஒரு பார்வை தேவை. கூட்டமாகச் செல்வோர் வயதில் மூத்தவரின் நடைக்கே மற்றவர் நடையை அமைத்துக்கொள்வது முறை.

பிள்ளைகளைக் காண வெளிநாடு செல்வோர்க்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் நம்மைப் போலவே வண்டிகள் இடப்புறம் செல்லும். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைத் தரிசிக்கச் செல்வோர் வலப்புறமே முதலில் பார்க்கலாம். அங்குச் சில சந்திப்புகளில் முதியோர் தமக்குரிய அட்டையைக் கருவியில் காட்டினால், பச்சை விளக்கு மேலும் சில விநாடி எரியும். அமெரிக்காவிலோ வண்டிகள் வலப்புறம் செல்லும்; ஆதலால் ஆபத்து முதலில் இடப்புறத்திலிருந்து வரும். அறுபது ஆண்டுப் பழக்கம் அங்கே நம்மை ஏமாற்றும்.

அம்மன் நம்மிடம் வேண்டுவது பக்தியை, அவசரத்தை அன்று. வீட்டில் காத்திருப்போர்க்கு நாம் குங்குமமும் பிரசாதமுமாகத் திரும்பிச் சேர்வதே யாத்திரையின் நிறைவு. கண்ணைக் காப்பவள் அவள்; அந்தக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது நம் கடமை.