வெள்ளம் பார்க்காத மெஷின்

ஜோகூர் மாநிலத்தின் யோங் பெங் டோலைத் தாண்டி ஊருக்குள் வந்தால், நெடுஞ்சாலைப் பேருந்துகள் நின்று போகும் சாப்பாட்டுக் கடைகளும் ஃபூச்சோ சீனர்களின் பிஸ்கட் கடைகளும்தான் வெளியூர்க்காரர் கண்ணில் படும். நான் போனது அவற்றைத் தாண்டி, உள்ளே இருக்கும் ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு. வரிசை வீடு. கார் நிறுத்தும் இடத்தில், முன்பக்கம் கதவு வைத்த ஒன்பது கிலோ வாஷிங் மெஷின் ஒன்று மரக்கட்டைகள் மேல் ஏறி நின்றது. கண்ணாடிக் கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் முழுசாக உரிக்கவில்லை.

“வாங்கி நாலு மாசந்தான் ஆச்சு. அவருக்கு ஜோகூர் பாருல வேலை மாத்திட்டாங்க. அங்க எடுத்திருக்கிற வாடகை வீட்டுல ஏற்கெனவே மெஷின் இருக்கு” என்றார் அதை விற்கும் அக்கா. தாமான் வாட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் இதையேதான் எழுதிப் போட்டிருந்தார். அக்கம்பக்கத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இருப்பதால் விளம்பரம் மலாய் மொழியில். வாங்கிய விலை 1,599 வெள்ளி, கேட்கும் விலை 950, விற்கும் காரணம், கடை ரிசிட்டின் படம், மெஷின் தண்ணீரோடு ஓடும் சின்ன வீடியோ. எனக்கு அதிலே பிடித்தது அடிப்பாகத்தை எடுத்த படம். நான்கு கால்களும் திருகாணிகளும் தெளிவாகத் தெரிந்தன.

ஏன் அடிப்பாகம்? வாங்க வந்த பக்கத்து வரிசை மலாய்த் தம்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: “காக், பெர்னா கெனா பஞ்சிர்?” வெள்ளத்தில் மாட்டியதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. 2023 மார்ச்சில் யோங் பெங் உட்பட பத்து பகாட் மாவட்டத்தின் பல இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சில கம்போங்குகளில் வாரக்கணக்கில் வடியவில்லை. நனைந்த மெஷினைக் காயவைத்தால் சில சமயம் ஓடும். உள்ளே மின்பலகையில் தங்கிய ஈரமும் சேறும் பிறகுதான் வேலையைக் காட்டும். தம்பி குனிந்து, கைபேசி வெளிச்சத்தில் திருகாணி இடுக்குகளில் மண் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். விரலால் தடவினார். துரு இல்லை.

“நல்ல நிலையில் உள்ளது, அதிகம் பயன்படுத்தவில்லை” என்று மட்டும் எழுதும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. ஏன் விற்கிறார்கள் என்று தெரியாதவரை மலிவான விலையே சந்தேகத்தைக் கிளப்பும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்பவர்களுக்குத்தான். அண்டை வீட்டார் விற்ற பழைய சாமானுக்காக பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. விற்பவர் சொல்வதும் வாங்குபவர் கண்ணால் பார்ப்பதும்தான் உத்தரவாதம்.

ஊர் தெரியாத ஆட்களும் வந்தார்கள். ஒருவர் சாமானைப் பார்க்கவே வேண்டாம், முழுப்பணமும் அனுப்புகிறேன், கூரியர் ஆள் வந்து எடுப்பார் என்று சொல்லி ஒரு லிங்க் அனுப்பினாராம். அக்கா உடனே அந்த எண்ணை முடக்கிவிட்டார். சரியான வேலை. பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டைப் பணம் என்று எண்ணிச் சாமானைக் கொடுத்துவிடக் கூடாது. நம் வங்கிச் செயலியில் தொகை ஏறியிருக்க வேண்டும். முன்பணம் கேட்கிறார்கள் என்றால் வாங்குபவர் அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைக்க வேண்டும்.

விலை பேச்சு சீக்கிரம் முடிந்தது. தம்பி 850 என்றார், 900-க்கு முடிந்தது. வேலை அதற்கப்புறம்தான். அக்கா சமையலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு நான்கு போல்ட்டுகள். இந்த வகை மெஷினில் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. புதிதாக வரும்போது பின்பக்கத்தில் இந்த போல்ட்டுகளை முடுக்கி டிரம்மை அசையாமல் பிடித்திருப்பார்கள், பொருத்தும்போது கழற்றிவிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் அவை அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும். அவை இல்லாமல் லோரியில் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்திலும் டிரம் ஆடி, அதைத் தாங்கும் பாகங்கள் கெட்டுப்போகும். தம்பி ஸ்பேனரை வாங்கி ஒவ்வொன்றாக முடுக்கினார். பிறகு முன்பக்கம் கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, தட்டு வைத்து, பில்டரைத் திருகினார். தேங்கியிருந்த தண்ணீரோடு ஒரு இருபது காசும் விழுந்தது. அக்கா சிரித்தபடி எடுத்துக்கொண்டார்.

டுயிட்நவ் க்யூஆரில் பணம் வந்தது. அக்கா தன் செயலியைத் திறந்து தொகையைப் பார்த்த பிறகு, அசல் ரிசிட்டையும் உத்தரவாத அட்டையையும் கொடுத்தார். “ஓட்டறதுக்கு முன்னாடி போல்ட்ட கழட்டிடணும் தம்பி, மறந்துடாதீங்க. மாட்டிட்டு ஓட்டினா மெஷினே குதிக்கும்” என்று மலாயில் இரண்டு தடவை சொன்னார். லோரி தெருமுனை திரும்புவதற்குள் குழுவில் ‘விற்றாகிவிட்டது’ என்று போட்டு, மார்க்கெட்பிளேஸ் விளம்பரத்தையும் எடுத்துவிட்டார். குளுவாங்கிலிருந்து ஒருவர் மாலை வருவதாகச் சொல்லியிருந்தார், அவருக்குத் தனியாகப் போன் செய்து வரவேண்டாம் என்றார்.