நாமா, நாங்களா?
பதினைந்து வருஷம் பாடம் நடத்தியவங்களுக்கு எதுக்குப் பயிற்சி என்று கேட்பாங்க. நான் ஷார்ஜாவில் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பயிற்சியில் வரலாற்று டீச்சரோடு சேர்ந்து ஒரே உரையைப் படித்தோம்: அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் பேசியது. பின்னணியை அவர் சொன்னார். சுதந்திர தினத்தை டக்ளஸ் 'நம்முடையது' என்னாமல் 'உங்களுடையது' என்றதை நான் காட்டினேன்.

1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டம் 'வீ' என்றுதான் தொடங்குகிறது. தமிழில் அது நாமா, நாங்களா? கேட்பவரும் சேர்த்தியா, இல்லையா? தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி சட்டென்று பிடிபடும்.

அப்பா இங்கே தொழில்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் உழைத்தார். இங்கே பிறந்த என் மகள் 'நம்ம ஊர்' என்கிறாள். விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறோம். அந்த 'நம்ம'வில் யார் யார் என்று கேட்க, அவளிடம் தமிழ் இருக்கட்டும்.