போஜனசாலையின் தரை

செட்டிநாட்டுச் சமையல் என்று பலகை மாட்டிக்கொண்ட உணவு விடுதி எந்த ஊரில் திறக்கப்பட்டாலும், உள்ளே நுழைகிறவருடைய கண்ணில் இலையும் குழம்பும் படுவதற்கு முன்னால், பழைய வீட்டுத் தூண் ஒன்றும், பித்தளை அண்டா ஒன்றும், காலடியில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் பூ விரித்துக் கிடக்கும் தரையும் பட்டுவிடுகின்றன. விடுதியின் ஜாதகத்தை வாயால் சொல்லாமல் தரையால் சொல்லிவிட வேண்டும் என்பது முதலாளிமாரின் விருப்பம். அந்தத் தரை யாருடைய கைகளில் உருவாகிறது என்று பார்க்கும் ஆவலே என்னைச் சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக்கு இட்டுச் சென்றது.

தரையில் பதிக்கும் கல்லைச் செய்கிற இடம் என்றதும் சூளையையும் புகைக்கூண்டையும் எதிர்பார்த்துச் செல்கிறவர் ஏமாந்துதான் போவார். நான் சென்ற பட்டறை ஒரு நீண்ட கொட்டகை. ஓரமாகச் சலித்த மணல் குவியல்; சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டிகள்; நடுவே மேஜைகளின் முன் நின்று வேலை செய்யும் ஆண்களும் பெண்களும்; அவ்வளவுதான். இங்கே நெருப்புக்கு வேலையே இல்லை. சிமெண்டும் மணலும் தண்ணீரும் ஆக்ஸைடுப் பொடியும் ஒரு கண்ணாடித் துண்டும் சேர்ந்தே இந்தக் கல்லைப் பிறப்பித்துவிடுகின்றன.

பெரியவர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்த மேஜையருகே அனுமதி பெற்று நின்றுகொண்டேன். கண்ணாடித் துண்டை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, சட்டத்துக்குள் பூவும் இலையுமாகத் தகட்டில் வளைத்துச் செய்த அச்சை இறக்கினார். பிறகு, குழம்புப் பதத்தில் கரைத்து வைத்திருந்த வண்ணச் சிமெண்டைச் சிறு கரண்டியால் மொண்டு, இதழ்களுக்குச் சிவப்பு, நடுவட்டத்துக்கு மஞ்சள், வெளிப்புறத்துக்குப் பச்சை என்று அறை அறையாக ஊற்றிக்கொண்டே வந்தார். அறைகள் நிரம்பியதும் அச்சை நேராக மேலே தூக்கினார். அந்தத் தூக்கலில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கை சற்று நடுங்கினாலும் ஒரு நிறம் மற்றொன்றின் எல்லைக்குள் புகுந்துவிடும். நடுங்காத கையில் இரண்டு நிறங்களும் தொட்டுக்கொண்டு, மயிரிழை அளவுக்கு நெளிந்து, அப்படியே நின்றுவிடுகின்றன. அதன்மேல் ஈரமில்லாத சிமெண்டு மணலைத் தூவி மிகுந்த நீரை உறிஞ்சச் செய்து, பிறகு ஈரக் கலவையை அப்பிச் சட்டத்தின் விளிம்புவரை வழித்துவிட்டு, சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு கல்லை ஒதுக்கி வைத்தார். பூ அடியில், கண்ணாடியை ஒட்டியபடி, நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. இறுகியபின் தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறி, வெளியே உலரும்போது கண்ணாடி தானாகவே கழன்று கொள்கிறது. கண்ணாடியின் வழவழப்பு மட்டும் கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. மெருகு இயந்திரம் எதுவும் அந்த முகத்தைத் தொடுவதில்லை.

வண்ணச் சிமெண்டுக் கல் செய்யும் கலை ஆத்தங்குடிக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இது பெருவழக்காக இருந்தது. ஆனால் அங்கே கல்லை அழுத்தி எடுக்க நீரழுத்த இயந்திரம் வேண்டும். பர்மாவிலிருந்து தேக்கையும் இத்தாலியிலிருந்து பளிங்கையும் கப்பலில் வரவழைத்து மாளிகை எழுப்பிய நகரத்தார்களின் செட்டிநாட்டிலோ, இயந்திரத்தின் ஸ்தானத்தில் கண்ணாடியை வைத்துக் கையாலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். உள்ளூர் மணலின் குணமும் இதற்கு அனுகூலம் என்று பட்டறைக்காரர்கள் அடித்துச் சொல்லுகிறார்கள்.

நான் அங்கே இருந்த சமயத்திலேயே, புதிதாக உணவு விடுதி ஒன்றை அலங்கரிக்கும் பொறுப்பை ஏற்றிருந்த இளைஞர் ஒருவர் நகரத்திலிருந்து வந்து சேர்ந்தார். விடுதியின் பெயர்ப்பலகை, உணவுப் பட்டியல், பரிமாறுகிறவர்களின் சட்டை எல்லாமே ஒருவகைக் கருஞ்சிவப்பு நிறமாம். தரையும் அதே சிவப்பாக, இம்மியும் பிசகாமல் இருக்க வேண்டுமாம். கைபேசித் திரையில் அந்த நிறத்தைப் பெரியவருக்குக் காட்டினார்.

பெரியவர் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல வெளிச்சம் இருக்கு, சிமெண்டுல வெளிச்சம் இல்லை. ஈரத்துல ஒரு செவப்பு, காஞ்சா வேற செவப்பு. இன்னைக்குக் கலக்குறது ஒண்ணு, நாளைக்குக் கலக்குறது ஒண்ணு. கிட்டக்கப் போகலாம், அதேதான்னு சத்தியம் பண்ண முடியாது" என்றார்.

இளைஞர் முகம் வாடிற்று. ஒவ்வொரு கிளையிலும் ஒரே நிறம் இருந்தால்தானே நிறுவனத்துக்கு அடையாளம் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் இயந்திரத்தில் அச்சடித்த பீங்கான் ஓடு விற்கும் கடை. ஆத்தங்குடிப் பூவைப் போலவே அச்சடித்த ஓடுகள் இப்போது சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஆயிரமாவது பூவும் முதற்பூவும் ஒன்றே. கையால் ஊற்றிய கல்லை விரும்பி வருகிறவர், பக்கத்துப் பக்கத்துக் கற்களில் சிவப்பு சற்றே ஏறி இறங்குவதையும் சேர்த்துத்தான் விரும்ப வேண்டும். கடைசியில் இளைஞர், நான்கைந்து மாதிரிக் கற்களைப் போட்டுக் காட்டும்படி கேட்டுக்கொண்டு, அவை காய்ந்தபின் வருவதாகச் சொல்லிப் போனார். சட்டையின் நிறத்தைக் கல்லுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் காரியம் எளிதாக முடியுமே என்று எனக்குத் தோன்றியது. கேளாத யோசனையைச் சொல்லுவது மரியாதையாகாது என்று இருந்துவிட்டேன்.

அன்று மாலை ஒரு பழைய வீட்டின் உட்பகுதியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. கல்யாணப் பந்தி நடக்கும் நீண்ட கூடத்தில், ஓரம் முழுவதும் கொடிப் பட்டையும் நடுவே ஜமக்காளம் போன்ற பூ வேலையுமாகக் கல் பதித்திருந்தார்கள். இலை போடுகிறவர்களும் பரிமாறுகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்து, அவ்வப்போது தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, நடைபாதையான இடமே மற்ற இடத்தைவிட மின்னிக்கொண்டிருந்தது. அலங்காரம் வேறு, உபயோகம் வேறு என்ற எண்ணமே அந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இடித்த மாளிகைகளின் கதவுகளைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வாங்கிச் சென்று, திறக்கவும் மூடவும் இயலாதபடி சுவரில் ஆணி அடித்து மாட்டும் விடுதிக்காரர்களை நினைத்துக்கொண்டேன். திறவாத கதவு செட்டிநாட்டுக் கதவு என்று எப்படிச் சொல்லிக்கொள்ளும்?

கல் பதிக்கும் கொத்தனார் ஒருவரும் பட்டறையில் தம் குறையைச் சொன்னார். கையால் செய்த கல்லானதால் கனம் கல்லுக்குக் கல் இம்மி மாறும். அதைக் கலவையில் சரிக்கட்டி மட்டம் பார்த்துப் பதிக்க அவகாசம் வேண்டும். விடுதிக்காரர்களோ திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டுத் தரையைக் கடைசியில் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய கொடுமை பிற்பாடு நடப்பது. சிமெண்டுக்குப் புளிப்பு ஆகாது. சிந்திய ரசமும் எலுமிச்சைச் சாறும் உடனே துடைக்கப்படாவிட்டால் கறை பிடிக்கும். அந்தக் கறையைப் போக்க இரவில் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். தேய்த்தால் கறையோடு கண்ணாடி கொடுத்த மெருகும் போய்விடுகிறது. பிறகு, "உங்கள் கல் சரியில்லை" என்று பட்டறைக்குத் தொலைபேசி வருகிறது.

ஆகவே, உணவு விடுதி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. இந்தக் கல்லைச் சுவரில் படம்போல் ஒட்டாமல், விருந்தாளிகள் நடக்கும் இடத்தில் பதியுங்கள். சமையற்கட்டுக்கும் கை கழுவும் இடத்துக்கும் கருங்கல்லை வைத்துக்கொள்ளுங்கள். நிறம் சற்று முன்பின் இருந்தால் ஊற்றியவரோடு வழக்காடாதீர்கள். ஆசிட் புட்டியைக் கூடத்துக்குள் வரவிடாதீர்கள்.