புகையாகப் போகும் எண்ணெய்

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நீலப் புகைதான். கொழும்புத் தெருக்களில் அது முச்சக்கர வண்டிகளின் அடையாளமாகவே இருந்தது. அவ்வகை முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008 இல் தடை செய்யப்பட்டதற்கும் அந்தப் புகையே காரணம். ஆனால் 1970களிலேயே அப்புகையைக் குறைப்பதற்கு ஜப்பானியப் பொறியியலாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டிருந்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்போர் சிலர் அதைத்தான் முதலில் கழற்றி வீசுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் விடயம்.

சுசுகி நிறுவனத்தின் ஜிடி 380, ஜிடி 550, ஜிடி 750 ஆகிய மூன்று சிலிண்டர் வண்டிகளைச் சொல்கிறேன். இவற்றுள் பெரியது தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. அதனால் அமெரிக்கர்கள் அதை ‘நீர் எருமை’ என்றார்கள். ஆங்கிலேயர்கள் ‘கேத்தல்’ என்றார்கள்.

இவ்வண்டிகளில் எண்ணெயைப் பெற்றோலுடன் கலக்கத் தேவையில்லை. தனித் தாங்கியில் இருக்கும் எண்ணெயை ஒரு பம்ப் அச்சுத் தாங்கிகளுக்கும் சிலிண்டர் சுவர்களுக்கும் அனுப்புகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எரியாத எண்ணெய் கிராங் கேஸின் அடியில் தேங்கும். பிறகு வேகத்தைக் கூட்டியதும் அது மொத்தமாக எரிந்து புகை மண்டலமாகும். இதைத் தவிர்க்கவே எஸ்.ஆர்.ஐ.எஸ். என்ற ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு கிராங் கேஸின் அடியிலும் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் அழுத்தம், தேங்கிய எண்ணெயை அதன் வழியே தள்ளி, சிறு குழாயொன்றினால் வேறொரு சிலிண்டருக்கு அனுப்பும். எண்ணெய் தாங்கிக்குத் திரும்புவதில்லை. சிறிது சிறிதாக எரிந்து போகிறது.

இதனைச் சட்டத்துக்குப் பயந்து பூட்டிய வீண் கருவி என்பார் உளர். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் புகைக்கான கூட்டரசு வரம்பு 1978 மாதிரி வண்டிகளிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. இவ்வேற்பாடோ அதற்கு முந்தியது.

பராமரிப்பு கடினமன்று. குழாய்களைக் கழற்றுமுன் எது எங்கே செல்கிறது என்பதைப் படமெடுத்தோ அடையாளமிட்டோ வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போவதால் இடம் மாறுவது எளிது. வால்வுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிசினை நீக்கலாம். கம்பியால் குத்தக் கூடாது. உலர்ந்தபின் சுத்தமான குழாய்த் துண்டைப் பொருத்தி ஊதினால் ஒரு திசையில் மட்டுமே காற்றுப் போக வேண்டும். இருபுறமும் போனாலும், ஒருபுறமும் போகாவிட்டாலும் அந்த வால்வு பயன்படாது. பழைய ரப்பர் குழாய்கள் கல்லைப் போல் இறுகி வெடித்திருக்கும். எண்ணெயையும் பெற்றோலையும் வெப்பத்தையும் தாங்கும் குழாய்களையே மாற்றிப் போட வேண்டும்.

இந்த வெடிப்புத்தான் உண்மையான ஆபத்து. அதன் வழியே காற்று உள்ளே புகுந்தால் கலவையில் பெற்றோலின் விகிதம் குறையும், வெப்பம் ஏறும், பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சில ரூபாய்க் குழாய்க்காக, கிடைத்தற்கரிய எஞ்சினை இழக்க நேரிடும். ஏற்பாட்டைக் கழற்றிவிட்டுத் துவாரங்களை அரைகுறையாக அடைத்தாலும் இதே கதிதான்.

எல்லாம் சரிசெய்த பின்பும் புகை ஓயாவிட்டால் கியர்ப் பெட்டியின் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். அது குறைந்து வருமானால், கிராங் அச்சின் சீல் தேய்ந்து அந்த எண்ணெய் உள்ளே கசிகிறது என்று கொள்ளலாம். புகைபோக்கியில் ஏற்கெனவே படிந்த எண்ணெய் எரிந்து தீரச் சற்று ஓட்டமும் தேவை.

பழமையைப் பேணுதல் என்பது தாங்கியின் வர்ணத்தையும் குரோம் பளபளப்பையும் மீட்பதோடு முடிந்துவிடுவதில்லை. பின்னால் வருபவரின் மூச்சை எண்ணி ஒருவர் அமைத்த சிறு குழாயும் அந்த வண்டியின் வரலாறுதான். அதைப் பேண ஒரு மாலைப் பொழுது போதும்.